செயின்சா என்ஜின் பூட்டிய ஸ்கூட்டர்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது

மரம் அறுக்கும் செயின்சாவின் என்ஜின் கைக்கு அடக்கமானது, எடை குறைந்தது, எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஓடக்கூடியது. நின்றபடி ஓட்டும் சின்ன ஸ்கூட்டரின் பின்சக்கரத்தோடு அதை இணைத்துப் பார்க்கலாமே என்ற ஆசை பலருக்கும் வருவது அதனால்தான். இது நேற்று முளைத்த யோசனை அல்ல. 1950-களின் இறுதியிலேயே அமெரிக்காவின் மக்கல்லக் நிறுவனம் தன் செயின்சா என்ஜினைக் கோ-கார்ட் என்னும் குட்டிப் பந்தய வண்டிகளுக்கு ஏற்றபடி மாற்றி விற்றது.

ரம்பத்தில் ஒழுங்காக ஓடிய என்ஜின் ஸ்கூட்டரில் ஏறியதும் தகராறு செய்தால், உடனே அதைப் பிரித்துப் போடாதீர்கள். பூட்டும்போது எதையெல்லாம் மாற்றினீர்கள் என்று முதலில் யோசித்துப் பாருங்கள். டேங்க் இடம் மாறியிருக்கும். ஆக்சிலேட்டருக்குப் புதிய கேபிள் வந்திருக்கும். மேல்மூடி காணாமல் போயிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அரை நிமிடம் உழைத்துவிட்டு அரை நிமிடம் இளைப்பாறிய என்ஜின் இப்போது ஓர் ஆளைத் தொடர்ச்சியாக இழுத்துக்கொண்டு போகிறது. இந்த வகை வண்டிகளில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த மாற்றங்களில் இருந்தே பிறக்கின்றன.

சோதனையைத் திறந்த வெளியில் செய்யுங்கள். மூடிய அறையில் ஓடும் டூ ஸ்ட்ரோக் என்ஜினின் புகை ஆளைக் கொல்லும். பின்சக்கரம் தரையில் படாதபடி வண்டியைத் தாங்கி நிறுத்துங்கள். செயின், கிளட்ச் பக்கம் கை வைக்கும் முன் பிளக் கேப்பைக் கழற்றிவிடுங்கள். பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்றால் என்ஜின் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு அதைத்தான் முதலில் பாருங்கள்.

கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் பற்றவில்லை

முதலில் தீப்பொறி. பிளக்கைக் கழற்றி, கேப்பில் மாட்டி, அதன் உலோக உடலைச் சிலிண்டரின் மேல் அழுத்திப் பிடித்துக் கயிற்றை இழுங்கள். பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி பீறிடும் என்பதால் பொறி பறக்கும் இடம் துளைக்குத் தள்ளியே இருக்கட்டும். பொறி இல்லையென்றால், பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலைச் சந்தேகிக்கும் முன், காயிலிலிருந்து நிறுத்தும் சுவிட்சுக்குப் போகும் மெல்லிய ஒயரைக் காயில் முனையில் கழற்றிவிட்டு மறுபடி இழுத்துப் பாருங்கள். செயின்சாவில் சுவிட்சைத் தட்டினால் காயில் உலோக உடலோடு இணைந்து பொறி நின்றுவிடும். அதாவது அந்த ஒயர் எங்கே ஃபிரேமில் உரசித் தோல் உரிந்தாலும் என்ஜின் நிரந்தரமாக நிறுத்தப்பட்ட நிலையில்தான் இருக்கும். ஹேண்டில்பார் வரை நீளமாக இழுத்த ஒயர், மடிக்கும் கீல் இருக்கும் இடத்தில் நசுங்குவது வழக்கம். ஒயரைக் கழற்றியதும் பொறி வந்தால் காயிலுக்குச் செலவு மிச்சம்.

அப்போதும் பொறி இல்லையா? காயிலுக்கும், என்ஜினோடு சுற்றும் கனமான சக்கரமான ஃபிளைவீலின் காந்தத்துக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 0.3 மி.மீ. அளவுக்கு, ஒரு விசிட்டிங் கார்டு செருகி எடுக்கும்படி இருந்தால் போதும். பிளக் முனை இடைவெளி பெரும்பாலான செயின்சாக்களில் 0.5 மி.மீ.

பொறி நன்றாக இருக்கிறது, பிளக் முனை நனைந்திருக்கிறது என்றால் பெட்ரோல் அளவுக்கு மீறி உள்ளே போய்விட்டது. சோக்கைத் திறந்து, ஆக்சிலேட்டரை முழுதாகப் பிடித்து, பிளக் இல்லாமல் பல முறை இழுத்து உள்ளே தேங்கியதை வெளியேற்றுங்கள். பிளக்கைத் துடைத்து உலர்த்தி மாட்டிவிட்டு, சோக் இல்லாமல் முயலுங்கள்.

கயிறே அசைய மறுத்தால் வலிந்து இழுக்க வேண்டாம். ரம்பத்தில் டேங்க் பெரும்பாலும் கார்புரேட்டருக்குக் கீழேயோ சமமட்டத்திலோ இருக்கும். பெட்ரோல் மேலே உறிஞ்சப்படும். ஸ்கூட்டரில் இடம் போதாமல் டேங்கை ஹேண்டில் தண்டில் உயரத்தில் கட்டிவிட்டால், கார்புரேட்டர் ஊசியில் நூலளவு கசிவு இருந்தாலும் இரவெல்லாம் பெட்ரோல் இறங்கி, பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க் அறையை நிரப்பிவிடும். திரவத்தை அழுத்த முடியாது. அதனால்தான் கயிறு இறுகுகிறது. பிளக்கைக் கழற்றி மெதுவாகச் சுற்றி வெளியேற்றுங்கள். டேங்கைக் கீழே இறக்குங்கள், அல்லது வழியில் ஒரு மூடும் குழாயைப் பொருத்தி ஓட்டி முடித்ததும் மூடிவிடுங்கள்.

பிளக் காய்ந்தே இருந்தால் பெட்ரோல் வரவில்லை. டேங்குக்குள் கிடக்கும் ஃபில்டர், விறைத்து வெடித்த குழாய், கார்புரேட்டரின் நுழைவிலுள்ள விரல் நகத்தைவிடச் சிறிய சல்லடை ஆகிய மூன்றையும் பாருங்கள். பிறகு பலரும் மறக்கும் ஓர் இடம் இருக்கிறது. இந்தக் கார்புரேட்டரில் மிதவை கிடையாது. பெட்ரோலை இழுப்பது டயஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு. அதை அசைப்பது கிராங்க் அறையின் அழுத்தத் துடிப்பு. அந்தத் துடிப்பு ஒரு சின்னத் துளை வழியாகவோ குட்டைக் குழாய் வழியாகவோ வந்து சேர்கிறது. கார்புரேட்டரை வேறு கோணத்தில் வைக்கப் புதிய இணைப்புத் தகடு செய்திருந்தால், கேஸ்கெட் அந்தத் துளையை மூடியிருக்கிறதா என்று பாருங்கள். மூடியிருந்தால் கார்புரேட்டர் புத்தம் புதியதாக இருந்தும் ஒரு துளி பெட்ரோல் வராது.

பொறியும் பெட்ரோலும் சரியாக இருந்து, கயிறு மட்டும் கையைப் பின்னுக்குச் சுண்டி இழுக்கிறது என்றால் ஃபிளைவீலைத் தண்டில் நகராமல் நிறுத்தும் சிறு உலோகத் துண்டான சாவி அறுந்து, பொறி விழும் நேரம் தவறியிருக்கலாம். கயிறு எதிர்ப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் காம்ப்ரஷன் மானியை மாட்டி, ஆக்சிலேட்டரை முழுதாகப் பிடித்து, முள் மேலும் ஏறாத வரை இழுங்கள். 120 பி.எஸ்.ஐ.க்கு மேல் இருந்தால் கவலை வேண்டாம். 100-க்குக் கீழே போனால் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்துவிட்டன என்று கொள்ளலாம்.

பற்றுகிறது, சில நிமிடங்கள் ஓடிவிட்டு அணைந்துபோகிறது

அணைந்தவுடன் டேங்க் மூடியைத் திறந்து காதைக் கொடுங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போனால் காரணம் கையில் கிடைத்துவிட்டது: டேங்கின் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. ரம்பத்தின் டேங்கில் காற்றை உள்ளே மட்டும் விடும் சிறிய வால்வு உண்டு. வேறு டேங்குக்கு மாறியவர்கள் அதைப் பழைய டேங்கோடு விட்டுவிடுகிறார்கள்.

காற்றின் சத்தம் இல்லையென்றால் குழாயைப் பாருங்கள். ஒளி ஊடுருவும் குழாய் போட்டிருந்தால் பெட்ரோலோடு குமிழிகள் ஓடுவது தெரியும். ஃபிரேமில் நேரடியாக முடுக்கிய டேங்க் என்ஜினின் அதிர்வில் குலுங்கிப் பெட்ரோலை நுரைக்க வைக்கும். டேங்குக்கு அடியில் ரப்பர் கொடுங்கள்; குழாயின் முனை கனமான ஃபில்டரோடு அடியில் கிடக்கட்டும்.

சூடானால் மட்டும் அணைந்து, ஆறியதும் ஒன்றும் நடக்காததுபோல் பற்றும் என்ஜினில், அணைந்த அந்த நிமிடத்திலேயே பொறியைச் சோதிக்க வேண்டும். பொறி இல்லையென்றால் காயில்தான். ஆறிய பிறகு சோதித்தால் காயில் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும்.

ஐடிலிங்கில் ஓடுகிறது, ஆக்சிலேட்டர் கொடுத்தால் திணறி நின்றுவிடுகிறது

கார்புரேட்டரின் பக்கவாட்டில் இரண்டு ஊசித் திருகுகள் இருக்கும். எல் என்பது குறைந்த வேகத்துக்கு, ஹெச் என்பது உயர் வேகத்துக்கு. இரண்டையும் மென்மையாக உட்காரும் வரை உள்ளே திருகி (இறுக்கினால் ஊசியும் இருக்கையும் கெடும்), அங்கிருந்து ஒரு முழுச் சுற்று வெளியே திருப்புவது நல்ல தொடக்கம். என்ஜின் சூடான பிறகு எல் திருகை மெல்ல நகர்த்தி ஐடிலிங் மிக உயரும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து எட்டில் ஒரு பங்குச் சுற்று வெளியே விட்டால் ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது திணறல் போய்விடும். எடுப்பில் கரும்புகை கக்கித் தடுமாறினால் பெட்ரோல் அதிகம். சத்தமே இல்லாமல் செத்துப்போனால் பெட்ரோல் குறைவு.

திருகுக்கு மசியவில்லை என்றால் டயஃப்ரம்கள் விறைத்திருக்கும். நல்ல டயஃப்ரம் துணிபோல் தொய்யும். கெட்டது விரலால் அழுத்தினால் மொடமொடக்கும். மாற்றும்போது அடுக்கும் வரிசையைக் கவனியுங்கள். பெரும்பாலான வகைகளில், பெட்ரோலை இழுக்கும் பக்கத்தில் கார்புரேட்டரின் உடலை ஒட்டி டயஃப்ரம், அதன் மேல் கேஸ்கெட்; அளந்து கொடுக்கும் பக்கத்தில் உடலை ஒட்டிக் கேஸ்கெட், அதன் மேல் டயஃப்ரம். வரிசை மாறினால் பகுதி பகுதியாக வேலை செய்து உங்களைக் குழப்பும்.

கார்புரேட்டரைத் தொடும் முன் இன்னொன்றையும் பார்த்துவிடலாம். கிளட்ச் டிரம்மைச் சுற்றியுள்ள செயின் பிரேக் பட்டையைச் சிலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அது கவ்விய நிலையில் இருந்தால், கிளட்ச் பிடிக்கும் கணத்தில் என்ஜின் சுவரில் மோதியதுபோல் நிற்கும். ஸ்கூட்டரில் அந்தப் பட்டைக்கு வேலையே இல்லை, எடுத்துவிடுங்கள்.

என்ஜின் கூவுகிறது, வண்டி ஊர்கிறது, கருகிய வாடை வருகிறது

இந்த வண்டிகளின் தலையாய நோய் இதுதான். மருந்து கிளட்சில் இல்லை. பல் சக்கரங்களின் கணக்கில் இருக்கிறது.

செயின்சாவின் கிளட்ச் பொதுவாக நிமிடத்துக்கு 4,000 சுற்றுக்கு அருகில் பிடிக்கத் தொடங்கும். ரம்பச் செயின் எடையற்றது என்பதால் அங்கே அது பிடித்த கணமே முழு வேகம் வந்துவிடும். வழுக்குவது என்பதே அரிது. இப்போது 250 மி.மீ. விட்டமுள்ள சக்கரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்கு அது ஏறத்தாழ 0.785 மீட்டர் நகரும். முன்னால் 6 பல், பின்னால் 60 பல் என்று 10-க்கு 1 விகிதம் வைத்திருக்கிறீர்கள். என்ஜின் 4,000-இல் சுற்றும்போது சக்கரம் 400 சுற்று. அதாவது மணிக்கு 19 கி.மீ. வண்டி அந்த வேகத்தை எட்டும் வரை கிளட்ச் தேய்த்துக்கொண்டே இருக்கிறது. ஓர் ஆளின் எடையோடு நின்ற நிலையிலிருந்து 19 கி.மீ. வரை தேய்த்தால் அந்தச் சின்ன டிரம் நீலம் பூத்து, லைனிங் கருகி, உள்ளே இருக்கும் ஊசி பேரிங்கின் கிரீஸ் உருகி ஓடிவிடும்.

அதே வண்டியில் நடுவே ஒரு துணைத் தண்டு வைத்து, 4-க்கு 1, மறுபடி 4-க்கு 1 என இரண்டு படிகளில் 16-க்கு 1 ஆக்கினால், கிளட்ச் 12 கி.மீ.க்குள் முழுதாகப் பிடித்துவிடும். 9,000 சுற்றில் வேகம் 26 கி.மீ. அளவில் நிற்கும். 10-க்கு 1-இல் அதே 9,000 சுற்று 42 கி.மீ. என்று ஏட்டில் காட்டும். ஆனால் 40 சி.சி. என்ஜின் அந்த விகிதத்தில் மேட்டில் அங்கே போய்ச் சேரவே சேராது. வேகத்தைக் காட்டிலும் இழுவையைத் தேர்ந்தெடுங்கள் என்பேன். சின்னச் சக்கரத்தில், நின்றபடி, 40 கி.மீ. வேகம் எனக்கு உவப்பானதும் அல்ல.

விகிதத்தை மாற்றும் வரை ஒரு பழக்கம் உதவும். காலால் நன்றாக உந்தி, வண்டி ஓடத் தொடங்கிய பிறகு ஆக்சிலேட்டரைத் தயங்காமல் கொடுங்கள். பாதி பிடித்து, பாதி விட்டு உருட்டுவதுதான் கிளட்சைக் கொல்லும். டிரம் நீலமாகியிருந்தால் கழற்றி, உட்புறம் வழவழப்பாகவும் வட்டமாகவும் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான செயின்சாக்களில் கிளட்ச் இடது மரையில் இருக்கும். கழற்றக் கடிகாரம் சுற்றும் திசையில் திருப்ப வேண்டும். பிஸ்டனை நிறுத்த, பிளக் துளை வழியாகப் பருமனான கயிற்றைச் செலுத்துங்கள். ஸ்க்ரூடிரைவரைச் செருகினால் பிஸ்டன் தலையில் ஓட்டை விழும்.

கருகிய வாடையோடு எண்ணெயும் தெறிக்கிறதா? ரம்பச் செயினுக்கு எண்ணெய் தரும் சிறிய பம்ப் இன்னும் உயிரோடு இருக்கிறது. அது இறைக்கும் எண்ணெய் பின் டயரில் விழுந்தால் வளைவில் வண்டி சறுக்கும். எண்ணெய் காலியானால் பம்ப் வறண்டு சுற்றி அதன் பிளாஸ்டிக் திருகுப் பல் உருகும். பம்பை இயக்கும் அந்தப் பல்லையே எடுத்துவிட்டுத் துளையை அடைப்பது முறையான தீர்வு.

ஐடிலிங்கிலேயே சக்கரம் சுற்றுகிறது

ஐடிலிங் திருகைத் தளர்த்துங்கள். 2,800 சுற்று அளவில் பெரும்பாலானவை நிதானமாக ஓடும். தளர்த்தினால் அணைகிறது, ஏற்றினால் சக்கரம் சுற்றுகிறது என்று இரண்டுக்கும் நடுவே இடமே இல்லாவிட்டால், கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் அல்லது ஒன்று அறுந்திருக்கும். எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள்.

கையை எடுத்த பிறகும் வேகம் இறங்கவில்லை

இது உயிரோடு விளையாடும் கோளாறு. நிறுத்தும் சுவிட்ச் கட்டைவிரல் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அது வேலை செய்யாவிட்டால் சோக்கை முழுதாக மூடினால் என்ஜின் மூச்சுமுட்டி அணையும். அந்த லீவர் எங்கே இருக்கிறது என்று ஓட்டும் முன்பே கைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் சந்தேகம் கேபிள். சைக்கிள் பிரேக் கேபிளைக் கொண்டு செய்த ஆக்சிலேட்டரில், ஹேண்டிலை முழுதாகத் திருப்பும்போது கேபிள் இழுபட்டு வேகம் தானாகக் கூடும். என்ஜின் ஓடும்போது ஹேண்டிலை இரு கோடிக்கும் திருப்பி, சத்தம் மாறுகிறதா என்று கேளுங்கள். கார்புரேட்டர் பக்கத்தில் ஆக்சிலேட்டரைத் திரும்ப மூடும் ஸ்பிரிங் இரண்டாக இருப்பது நல்லது. ரம்பத்தின் சோக் லீவரோடு வரும் 'வேக ஐடிலிங்' கொக்கி விடுபடாமல் மாட்டிக்கொண்டிருந்தாலும் இதே அறிகுறி வரும்.

கேபிளைக் கழற்றிய பிறகும் வேகம் ஏறி இறங்கி அலைந்தால், எங்கிருந்தோ காற்று கள்ளத்தனமாக உள்ளே போகிறது. கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயை வளைத்துப் பாருங்கள். மடிப்புக்குள் விரிசல் ஒளிந்திருக்கும். அடுத்து கிராங்கின் இரு முனைகளிலும் உள்ள ஆயில் சீல்கள். செயின் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருப்பதால் கிளட்ச் பக்கத்து சீல் ரம்பத்தில் இருந்ததைவிட விரைவில் தேயக்கூடும். கார்புரேட்டர் வாயையும் சைலன்சர் வாயையும் ரப்பர் துண்டு வைத்து மூடி, பிளக் துளை வழியாக 0.5 பார் அளவுக்கு மட்டும் காற்றை ஏற்றி, சீல்களின் மேல் சோப்பு நீரைத் தடவுங்கள். குமிழி வரும் இடம் கோளாறு உள்ள இடம். திருகைத் திருப்பி இந்த அலைச்சலை மறைக்க முடியும். மறைத்துவிட்டு ஓட்டினால், பெட்ரோல் குறைந்த கலவையில் பிஸ்டன் சூடேறிச் சீக்கிரமே சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும்.

கொஞ்ச தூரத்தில் சக்தி இறங்குகிறது, என்ஜின் கொதிக்கிறது

மேல்மூடியைத் திரும்ப மாட்டுங்கள். அழகுக்காகக் கழற்றப்படும் அந்தப் பிளாஸ்டிக்தான் ஃபிளைவீல் விசிறியின் காற்றைச் சிலிண்டர் செதில்களுக்குத் திருப்பிவிடுகிறது. அது இல்லாவிட்டால் விசிறி ஊரெல்லாம் வீசும். சிலிண்டர் மட்டும் வேகும்.

பிறகு ஆயில் கலவை. நல்ல டூ ஸ்ட்ரோக் ஆயிலை 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மி.லி., 40-க்கு 1 என்றால் 25 மி.லி. உங்கள் என்ஜினின் குறிப்பேடு 50-க்கு 1 என்று சொன்னாலும், தொடர் சுமைக்கு நான் 40-க்கே போவேன். ஆயில் கூடினால் பெட்ரோலின் பங்கு சற்றுக் குறையும் என்பதால் ஹெச் திருகை மறுபடி சரிபாருங்கள். சுமையின்றி முழு வேகத்தில் என்ஜின் லேசாகக் கரகரத்து, மேடு ஏறும்போது சத்தம் தெளிந்தால் ஹெச் திருகு சரியான இடத்தில் இருக்கிறது. சுமையில்லாமலேயே கூர்மையாகக் கீச்சிட்டால் பெட்ரோல் போதவில்லை. கொஞ்சம் வெளியே திருப்புங்கள். சக்கரத்தைத் தூக்கி வைத்து முழு வேகத்தில் சில நொடிகளுக்கு மேல் ஓட்ட வேண்டாம்.

ஓட்டி முடித்துப் பிளக்கைப் பாருங்கள்: இளம் பழுப்பு நல்லது, வெளுத்திருந்தால் ஆபத்து, கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோலோ ஆயிலோ அதிகம். சக்தி மட்டும் குறைந்து சூடு அவ்வளவாக இல்லையென்றால் சைலன்சரின் தீப்பொறித் தடுப்பு வலையில் கரி அடைத்திருக்கும். வலைக்காகச் சைலன்சரைக் கழற்றும்போதே, துளை வழியாக டார்ச் அடித்துப் பிஸ்டனின் பக்கத்தைப் பாருங்கள். மேலிருந்து கீழாகக் கீறல் கோடுகள் தெரிந்தால் பிஸ்டன் ஏற்கெனவே ஒருமுறை பிடித்து விட்டிருக்கிறது. காரணத்தைச் சரிசெய்யாமல் புதுப் பிஸ்டன் போட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

நீண்ட இறக்கத்தில் ஆக்சிலேட்டரை முழுதாக மூடியபடி வேகமாக இறங்க வேண்டாம். சக்கரம் என்ஜினைச் சுற்றவைக்கும். ஆனால் பெட்ரோலோடுதானே ஆயிலும் வருகிறது, அது அநேகமாக நின்றுபோயிருக்கும். இடையிடையே சிறிது ஆக்சிலேட்டர் கொடுங்கள்.

செயின் கழல்கிறது, போல்ட்கள் தளர்கின்றன

ரம்பத்தின் டிரம்மில் உள்ள பல் சக்கரம் ரம்பச் செயினுக்கானது. ஸ்கூட்டர் சக்கரத்தை இழுக்கும் 25ஹெச் போன்ற, கண்ணி இடைவெளி 6.35 மி.மீ. உள்ள செயின் அதில் உட்காராது. வேறு பல் சக்கரத்தை வெல்டிங் செய்திருந்தால், சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். செயின் ஓரிடத்தில் விறைத்து, அடுத்த இடத்தில் தொய்ந்தால் மையம் தவறியிருக்கிறது. அதற்கு மறுபடி வெல்டிங் செய்வதைத் தவிர வழியில்லை. மையம் சரியென்றால் நேர்கோட்டு அளவுகோலை இரண்டு பல் சக்கரங்களின் முகத்திலும் வைத்துப் பாருங்கள், ஒரு மி.மீ. விலகினாலும் செயின் ஏறி விழும்.

ரம்பத்தில் அதிர்வைக் கைப்பிடி ரப்பர்கள் விழுங்கின. இங்கே என்ஜினை இரும்புத் தகட்டில் நேரடியாக முடுக்குகிறோம். என்ஜினையும் துணைத் தண்டையும் ஒரே தகட்டில் வைத்தால் அவற்றுக்கிடையேயான செயினின் இறுக்கம் மாறாது. போல்ட்களுக்கு மரை பூட்டும் பசை போடுங்கள். கிராங்க் அறை பெரும்பாலும் மெக்னீசியக் கலவை; போல்ட் மரையின் முழு ஆழத்துக்கும் இறங்காவிட்டால் மரை உருவிக்கொண்டு வந்துவிடும். அந்த உலோகத்தில் நீங்களே வெல்டிங் செய்ய முயல வேண்டாம், அது தீப்பற்றும்.

வண்டி பின்னால் போகிறது

கிளட்ச் பக்கமிருந்து பார்த்தால் செயின்சா கடிகாரத் திசையில் சுற்றுகிறது. செயினால் இழுக்கும் வண்டியில் கிளட்ச் வலப்பக்கம் இருந்தால்தான் முன்னால் போகும். டயரின் மேல் உருளையை அழுத்தி ஓட்டும் முறையில் திசை ஒருமுறை திரும்பிவிடுவதால் கிளட்ச் இடப்பக்கம் வர வேண்டும். டிரம்மும் துணைத் தண்டும் ஒன்றையொன்று நேரடியாகக் கவ்வும் பற்சக்கரங்களாக இருந்தாலும் இதே கணக்குத்தான். தகட்டில் துளை போடும் முன் கயிற்றை ஒருமுறை இழுத்து, டிரம் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று சுண்ணக்கட்டியால் அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள்.